கோலாலம்பூர் செந்தூலில் படிவம் 4 கணினி அறிவியலுக்கு டியூஷன் ஆசிரியர் வேண்டும், முதல் ஆளை நிறுத்திவிட்டோம்

செந்தூல் அம்மா:
வணக்கம். என் மகள் படிவம் 4. அடுத்த வருடம் எழுதும் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்கு சாயின்ஸ் கொம்பியூட்டர் (கணினி அறிவியல்) எடுத்திருக்கிறாள். எங்கள் பக்கம் கூடுதல் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் தெருவுக்கு ஒரு டியூஷன் இருக்கிறது. இதற்கு மட்டும் ஆள் கிடைப்பதில்லை. தெரிந்தவர் மூலமாக ஒரு தம்பியைப் பிடித்தோம். பல்கலைக்கழக மாணவர், மணிக்கு 50 வெள்ளி (ரிங்கிட்). இரண்டரை மாதம் வந்தார்.

குறை சொல்ல மனம் வரவில்லை. நேரத்துக்கு வருவார், மரியாதையான பிள்ளை. ஆனால் இவள் "வரவில்லை அண்ணா" என்று சொன்னதும் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். கடகடவென்று அடிப்பார். நிரல் ஓடும். "புரிஞ்சுதா?" என்பார், இவளும் தலையை ஆட்டுவாள். போன மாதம் பள்ளித் தேர்வில் நிரலைத் தாளில் எழுதச் சொன்னார்கள். 100க்கு 38.

நான் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எக்செல் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து வருபவர் நல்லவரா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மணிக்கு 60 வெள்ளி வரை கொடுக்க முடியும்.

சைபர்ஜெயா பையன்:
அக்கா, முதலில் ஒன்று. அந்தத் தம்பி எஸ்பிஎம் படித்தவரா?

செந்தூல் அம்மா:
இல்லை, தனியார் பள்ளி. ஐஜிசிஎஸ்இ என்ற வெளிநாட்டுத் தேர்வு எழுதியதாகச் சொன்னார்.

சைபர்ஜெயா பையன்:
அங்கேயே பாதிச் சிக்கல். பெயர் இரண்டுக்கும் கணினி அறிவியல்தான், பாடம் வேறு. எஸ்பிஎம்மில் படிவம் 4க்கு ஜாவா என்ற நிரல் மொழி, தரவுத்தளம், மனிதன் கணினியோடு பழகும் இடைமுகத்தின் வடிவமைப்பு. படிவம் 5 போனால் லாஜிக் கேட், தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல், அப்புறம் இணையப் பக்கம் செய்ய எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி. கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இயில் இரண்டு தாள், ஒவ்வொன்றும் 1 மணி 45 நிமிடம், 75 மதிப்பெண். அவர்களுடைய போலி நிரலில் (நிரலின் படிகளைச் சாதாரண மொழியில் எழுதுவது) ஒரு பெயருக்கு மதிப்பைக் கொடுக்க இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி போடுவார்கள். நம் பிள்ளைகள் மலாயில் 'மூலா' என்று தொடங்கி 'தாமாட்' என்று முடிப்பார்கள். நன்றாகத் தெரிந்தவருக்கு இதெல்லாம் மேல்பூச்சுதான். குழம்பிப்போன பிள்ளைக்கு அப்படி இல்லை.

யாரைக் கூப்பிட்டாலும் போனிலேயே கேளுங்கள்: "எஸ்பிஎம் பாடநூல் உங்களிடம் இருக்கிறதா?" இல்லை என்றால் கெட்ட ஆள் என்று பொருள் இல்லை. "வாங்கிப் பார்க்கிறேன்" என்று சொல்கிறாரா, "ஜாவா எங்கேயும் ஜாவாதான்" என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

செந்தூல் அம்மா:
இப்போதுதான் ஒன்று விளங்குகிறது. பள்ளியில் 'பெம்போலே ஊபா', தம்பி வாயில் 'வேரியபிள்', நான் ஒரு நாள் தமிழ்ப் புத்தகம் பார்த்து 'மாறி' என்று சொன்னேன். மூன்றும் ஒன்றுதான், நிரலில் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்தான் என்று மகளுக்கே போன வாரம்தான் தெரிந்ததாம்.

கிள்ளான் ஓய்வு ஆசிரியை:
அம்மா, ஆசிரியரைத் தேடும் முன் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும். 38 என்பது ஒன்றும் சொல்லாது. அவள் எழுதி, ஓடியும் தப்பான விடை கொடுத்த நிரல் ஏதாவது இருக்கிறதா? சிவப்புக் கோடு போட்டு நின்ற நிரல் வேண்டாம். அது பெரும்பாலும் அரைப்புள்ளியை விட்டதாக இருக்கும், கணினியே காட்டிக் கொடுத்துவிடும். ஓடி, ஆனால் தப்பாக ஓடிய ஒன்றைக் கேட்டு வாங்கி இங்கே சொல்லுங்கள்.

செந்தூல் அம்மா:
கேட்டேன் டீச்சர். ஒன்று இருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், தப்பிருந்தால் மன்னிக்கவும். மூன்று பாடத்தின் மதிப்பெண் 70, 75, 82. மூன்றையும் 'இன்ட்' (முழு எண்ணாம்) என்று அறிவித்திருக்கிறாள். கூட்டுத்தொகையும் 'இன்ட்'. சராசரியை மட்டும் 'டபுள்' (தசம எண்ணாம்) என்று போட்டு, கூட்டுத்தொகையை 3ஆல் வகுத்திருக்கிறாள். கால்குலேட்டரில் 75.67 வருகிறது. கணினி 75.0 காட்டுகிறது. "கம்பியூட்டர் ரவுண்ட் பண்ணிருச்சு" என்கிறாள். அந்தத் தம்பி இதைத் திருத்திக் கொடுத்தாராம். என்ன திருத்தினார் என்று இவளுக்கு ஞாபகம் இல்லை.

யூஎஸ்எம் மாணவன்:
ரொம்ப சிம்பிள் அக்கா. ஜாவாவில் இன்ட்டை இன்ட்டால் வகுத்தால் விடையும் இன்ட்தான். தசமத்தை வெட்டி எறிந்துவிடும். 3க்குப் பதில் 3.0 போடச் சொல்லுங்கள். முடிந்தது.

கிள்ளான் ஓய்வு ஆசிரியை:
தம்பி, விடை சரி. ஆனால் நீயும் லேப்டாப்பை உன் பக்கம் திருப்பிவிட்டாய், பார்த்தாயா?

அம்மா, இதை மகளிடம் சொல்லாதீர்கள். நீங்கள் கேட்ட சோதனை இதுதான். அடுத்து வரும் ஆசிரியரிடம் இதே நிரலைக் கொடுங்கள். கண்டுபிடிக்கிறாரா என்பதைப் பார்க்க வேண்டாம், அரை நிமிடத்தில் எல்லாரும் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்த பிறகு அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள். கீபோர்டுக்குப் போனால் பழைய கதைதான்.

இந்தப் பிழையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மகள் ரவுண்ட் செய்ததாக நினைக்கிறாள். 75.67ஐ ரவுண்ட் செய்தால் 76 அல்லவா வர வேண்டும்? 75 வந்திருக்கிறது. அவள் மனதில் இருக்கும் விளக்கம் தப்பு என்று அவள் முன்னால் இருக்கும் எண்ணே சொல்கிறது. நல்ல ஆசிரியர் அந்த இடத்தில்தான் பிடிப்பார். நான் முப்பது வருடம் கணிதமும் கணினியும் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பிழை விளங்காமல் போவது குறைவு. பிழைக்கு ஒரு தப்பான காரணத்தைத் தாங்களே சொல்லிக்கொண்டு நிம்மதியாகப் போவதுதான் அதிகம்.

இன்னொன்று. சாதாரணமாகப் பிள்ளை முதலில் என்ன செய்வாள் தெரியுமா? யாராவது 'டபுளாக மாற்று' என்று சொன்னால் வகுத்து முடித்த பிறகு மாற்றுவாள். அப்போதும் 75.0தான் வரும், தசமம் ஏற்கெனவே போய்விட்டது. அந்தத் தோல்வியை அவள் ஒரு தடவை படட்டும். தடுக்காதவரைத் தேடுங்கள்.

(நீக்கப்பட்ட பயனர்):
எஸ்பிஎம் ப்ராஜெக்ட் முழுதாகச் செய்து கொடுக்கப்படும், ஆவணத்தோடு. 300 வெள்ளி. தனி மெசேஜ் அனுப்பவும்.

சைபர்ஜெயா பையன்:
இந்த ஆள் ஒவ்வொரு இழையிலும் வருகிறார். அக்கா, தொடவே தொடாதீர்கள். பள்ளி ஆசிரியர் "இந்த வரி எதற்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளை மாட்டிக்கொள்வாள். புகார் கொடுத்துவிட்டேன்.

பட்டர்வொர்த் அப்பா:
அம்மா, நானும் இதே வழியில் வந்தவன். என் மகனுக்குப் பினாங்கில் ஆள் தேடி அலுத்து, கடைசியில் ஆன்லைனில் ஒரு ஆசிரியை கிடைத்தார். நேரில் வந்தால்தான் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தப் பாடத்துக்கு ஆன்லைன் ஒரு விதத்தில் மேல். மகன் தன் திரையைத்தான் பகிர்வான். அவர் நினைத்தாலும் கீபோர்டைத் தொட முடியாது! வாயால்தான் சொல்ல வேண்டும். "நாலாவது வரியைப் பார், அந்த நேரத்தில் கூட்டுத்தொகைக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பாடம் முடிந்ததும் மகன் எனக்கு ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். நான் ஃபாக்டரியில் மெஷின் பார்க்கிறவன், நிரல் தெரியாது. தெரியாததுதான் வசதி. "அது ஏன்?" என்று கேட்டால் உண்மையாகவே கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது "அது ஏன்"இல் திணறினால் பாடம் ஏறவில்லை என்று கணக்கு.

நேரில் வைத்தால் ஹாலில் வையுங்கள், அறைக்குள் வேண்டாம். யாராக இருந்தாலும் இது பொது.

வேலை மாற நினைப்பவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 29 வயது, நானும் இதே பாடத்தைத் தனியாகப் படிக்க ஆசிரியர் தேடுகிறேன். எஸ்பிஎம் தேவையில்லை.

சைபர்ஜெயா பையன்:
அண்ணே, உங்களுக்கு உடனே டியூஷன் வேண்டாம். ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற ஆன்லைன் பாடம் இலவசம். கட்டைகளை அடுக்கி நிரல் செய்யும் ஸ்க்ராட்சில் தொடங்கி சி, பைத்தான், எஸ்கியூஎல் வரை போகும். மேலே அந்தப் பிள்ளைக்கு வந்த தசம வெட்டு அங்கே சி மொழிப் பாடத்திலேயே வந்துவிடும். அதில் மூன்று நான்கு வாரம் ஓட்டிவிட்டு, எங்கே இடிக்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் ஆளைப் பிடித்தால் காசு மிச்சம். முழுநேரமாக இறங்க முடியும் என்றால் சன்வேயில் 42 கோலாலம்பூர் என்ற நிரல் பள்ளி இருக்கிறது. கட்டணம் இல்லை, ஆனால் ஆசிரியரும் இல்லை, ஒருவருக்கொருவர் பார்த்துத் திருத்த வேண்டும். 18 வயது தாண்டியிருக்க வேண்டும், அக்கா மகளுக்கு ஆகாது.

செந்தூல் அம்மா (பதினொரு நாள் கழித்து):
எல்லாருக்கும் நன்றி. இரண்டு பேரைச் சோதித்துவிட்டேன்.

முதலாமவர் பெரிய கம்பெனியில் என்ஜினியராம், மணிக்கு 90 கேட்டார். ஒரு தடவை பார்ப்போம் என்று வரச் சொன்னேன். நிரலைப் பார்த்ததும், டீச்சர் சொன்ன மாதிரி, அரை நிமிடம்கூட ஆகவில்லை. "இது காஸ்டிங் (எண் வகையை மாற்றுவது) பிராப்ளம்" என்று மகளின் கையைத் தாண்டி நீட்டி அடித்தார். 75.67 வந்துவிட்டது. அப்புறம் இருபது நிமிடம் ஜாவா பழையது, பைத்தான்தான் நல்லது என்று பேசினார். இருக்கலாம். எஸ்பிஎம் தாளைப் பைத்தானிலா எழுதப் போகிறாள்?

அவர் விடையை மகளுக்குக் காட்டிவிட்டதால் இரண்டாவது சோதனைக்கு வேறு நிரல் தேவைப்பட்டது. அதே பிழை, வேறு உடையில்: 8 வெள்ளிக்கு வாங்கிய கேக்கின் விலையை 3 பேர் பங்கு போடுவது. மகள் தானே எழுதினாள். முதலாமவர் காட்டிவிட்டுப் போயும் அதே தப்பை மறுபடி செய்திருக்கிறாள். விடை 2.0. எனக்கு அப்போதுதான் டீச்சர் சொன்னது முழுதாக உறைத்தது.

இரண்டாமவர் கெப்போங்கிலிருந்து ஒரு அக்கா. முன்பு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர், இப்போது குழந்தைக்காக வீட்டில் இருக்கிறார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "நீ என்ன வரும்னு நினைச்ச?" "2.67." "வந்தது?" "2.0. ரவுண்ட் ஆயிருச்சு." "சரி, ரவுண்ட் ஆனா எவ்வளவு வரணும்?" மகள் "3" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவர் ஒன்றும் பேசவில்லை. நான் அடுப்படியில் நிற்கிறேன், எனக்கு விடை தெரியும், வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்காதீர்கள். பாலே பொங்கிவிட்டது.

அப்புறம் "2 வெள்ளியை 3 பேருக்குப் போட்டுப் பார்" என்றார். 0.0. மகள் சிரித்துவிட்டாள், "யாருக்கும் ஒண்ணும் வேணாமாம்!" பிறகு டீச்சர் சொன்ன அந்தத் தப்பையும் செய்தாள், வகுத்த பிறகு டபுளாக மாற்றினாள். வரவில்லை. தாளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தப் பெயருக்குள் என்ன எண் இருக்கிறது என்று எழுதச் சொன்னார். எழுதும்போதே மூன்றாவது வரியில் பேனாவை நிறுத்தி, "இங்கேயே போயிருச்சு" என்றாள். ஒரே ஒரு வரிக்கு முப்பத்தைந்து நிமிடம்.

மணிக்கு 75 சொன்னார். மகளின் வகுப்புத் தோழியையும் சேர்த்துக்கொண்டு ஆளுக்கு 45 என்று பேசி முடித்தோம். வாரம் ஒன்றரை மணி நேரம், எங்கள் ஹாலில். எஸ்பிஎம் பாடநூலை அவரே தேடி வாங்கிக்கொண்டு வந்தார்.

கிள்ளான் ஓய்வு ஆசிரியை:
தோழியைச் சேர்த்தது நல்லது. ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி தாளில் ஓட்டிப் பார்க்கட்டும், இதை அவரிடம் சொல்லுங்கள். பால் போனால் போகட்டும்.

யூஎஸ்எம் மாணவன்:
டீச்சர், நானும் இங்கே பினாங்கு கெலுகோரில் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நேற்று முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் பாதிப் பாடம்கூட முடியவில்லை. பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது?

கிள்ளான் ஓய்வு ஆசிரியை:
அவர்களையும் ஒரு தடவை பக்கத்தில் உட்காரச் சொல் தம்பி.

பட்டர்வொர்த் அப்பா:
அம்மா, அந்தக் கெப்போங் அக்கா ஆன்லைனில் எடுப்பாரா? என் தங்கை மகன் அடுத்த வருடம் படிவம் 4.

செந்தூல் அம்மா:
கேட்டுவிட்டுத் தனி மெசேஜில் சொல்கிறேன் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடியாது என்று முன்பே சொல்லியிருக்கிறார்.