தராசை வாசிக்கும் த்ரெட்டை ஒழுங்காக நிறுத்துவது எப்படி?

வணக்கம். இலங்கையில் அட்டன் பக்கம் சிறுதோட்டக்காரர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கும் ஒருவருக்காக பைத்தனில், டிகின்டர் (விண்டோ, பட்டன் அமைக்கும் நூலகம்) வைத்து, ஒரு மென்பொருள் எழுதுகிறேன். மின்தராசு சீரியல் போர்ட்டில் அனுப்பும் எடையில் சாக்கு, ஈரம் கழித்து, ஆளின் பெயருக்கு நேரே எஸ்கியூலைட்டில் (ஒரே கோப்பில் இருக்கும் தரவுத்தளம்) பதிய வேண்டும், அவ்வளவுதான்.

தராசின் பதிலுக்குக் காத்திருக்கும்போது விண்டோ வெள்ளையாகி அப்படியே நின்றுவிடும். அதனால் வாசிப்பைத் தனி த்ரெட்டுக்கு (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை) மாற்றினேன், அங்கிருந்து நேரடியாக லேபிளைத் தொடக்கூடாது என்பதால் எடையைக் கியூவில் (வரிசையில்) போட்டு, மெயின் த்ரெட்டில் டிகின்டரின் ஆஃப்டர் வழியாக 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை எடுக்கிறேன். அது சரி. ஆனால் இப்போது விண்டோவை மூடினாலும் புரோகிராம் டாஸ்க் மேனேஜரில் உயிரோடு கிடக்கிறது, போர்ட்டையும் விடுவதில்லை, மறுபடி திறந்தால் 'அக்சஸ் டினைட்' என்கிறது. டீமன் த்ரெட் (புரோகிராம் முடிந்ததும் தானே நின்றுவிடுவது) ஆக்கலாம்தான், பாதி வேலையில் வெட்டிவிடுமே என்று யோசனை. ரீடுக்கு டைம்அவுட் கொடுத்து, 'நிறுத்து' என்று சொல்லும் ஈவென்ட் ஒன்றைப் பார்த்து லூப்பை முடித்து, ஜாயின் பண்ணுவதுதான் (த்ரெட் முடியும்வரை காத்திருப்பது) முறையா? செய்தவர்கள் கோட் துண்டு போட்டால் புண்ணியம்.

அப்புறம், இங்கே மழைக்குக் கரண்ட் சொல்லாமல் போகும். எஸ்கியூலைட்டின் வால் (WAL) மோடில், அதாவது மாற்றங்களை முதலில் தனி லாக் கோப்பில் எழுதும் முறையில், சிங்க்ரோனஸ் (டிஸ்க்கில் எழுதியதை எவ்வளவு கண்டிப்பாக உறுதிசெய்வது என்ற அமைப்பு) நார்மல் என்றால் கோப்பு கெடாது, கடைசிப் பதிவுகள் சில போகலாம். ஆனால் ஒரு சாக்கு எடை காணாமல் போனாலும் சண்டை வரும். ஃபுல் போட்டால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ரொம்ப மெதுவாகுமா?