புதுப்பிப்பு: பழவேற்காடு ஏரிக்கரைக்கு எந்த வண்டி?

தூண்டிலும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு போக ஸ்கூட்டரே போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். தார்ச்சாலைக்கு மட்டும்தான் அது சரி. மணலில் அதன் சின்னச் சக்கரம் புதைகிறது. 16 அங்குலச் சக்கரமுள்ள டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட்டே மேல். முன்பக்கம் காலியாக இருப்பதால் பெட்டியை அங்கேயே வைத்துக் கட்டலாம், மணலில் பின்சக்கரம் அமுங்காது.

மணலுக்காகக் காற்றை ரொம்பக் குறைக்காதீர்கள். டயர் ரிம்மில் வழுக்கி, டியூபின் வால்வு பிய்ந்துவிடும்.

கோடையில் ஏரி வற்றிய இடம் இன்னும் மோசம். மேலே வெள்ளையாகக் காய்ந்திருக்கும், அடியில் கருஞ்சேறு. குச்சியால் குத்திப் பாருங்கள். லேசாக இறங்கினால் வண்டியைக் கரையிலேயே விடுங்கள் (ஏற்றிவிட்டால் இழுக்க நாலு பேர் வேண்டும்). பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் செயினில் படாமல் குழாய் மாட்டுங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் செயினுக்கு எண்ணெய்.