அப்பத்தா வீட்டு வாட்ஸ்அப் குழு
ஜூலை 2021, ஞாயிறு இரவு

தெப்பக்குளம் அக்கா: பயலுக்கு ஒரு வாரமாக நெற்றிவலி. முந்தாநாள் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மைனஸ் ஒன்று. எட்டு வயதில் கண்ணாடி!

மதினி: கேம் விளையாடியிருப்பான் மதினி.

தெப்பக்குளம் அக்கா: கேம் எங்கே? கொரோனாவால் காலை 9 முதல் 1 மணி வரை போனில் ஆன்லைன் வகுப்பு. அப்புறம் வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

டீச்சர் அத்தை: மூன்றாம் வகுப்புக்கு நாலு மணி நேரமா? 2020 ஜூலையில் ஆன்லைன் வகுப்புக்கு மத்திய அரசு விட்ட ‘பிரக்யாதா’ வழிமுறையில் 1 முதல் 8 வரை தினம் இரண்டு வகுப்புதான், ஒவ்வொன்றும் 30-45 நிமிஷம். பள்ளியில் சொல்.

தெப்பக்குளம் அக்கா: சொன்னேன் அத்தை. பீஸ் கட்டியதற்கு வகுப்பு பத்தவில்லை என்று மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். அந்த மற்றவர்களில் எங்கள் வீட்டுக்காரரும் உண்டு 🙄

ஒத்தக்கடை சித்தப்பா: டாக்டர் என்ன சொன்னார்?

தெப்பக்குளம் அக்கா: 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பார்க்க வேண்டுமாம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், 20 அடிக்கு எங்கே போக? தினம் பகல் வெளிச்சத்தில் விளையாட விடவும் சொன்னார்.

ஒத்தக்கடை சித்தப்பா: இங்கே கொண்டுவந்து விடு. மொட்டை மாடி ஏறினால் ஆனைமலையே படுத்துக் கிடக்கிறது.

தெப்பக்குளம் அக்கா: கண்கூடப் பரவாயில்லை சித்தப்பா. நேற்று சாப்பிடக் கூப்பிடுகிறேன், பதிலே இல்லை. போய்க் கேட்டால் “மியூட்ல இருக்கேன்மா” என்கிறான். வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் ஆகிறது. முதலில் சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

டீச்சர் அத்தை: உசிலம்பட்டிப் பக்கம் என் வகுப்பில் பாதிப் பேர் போனிலேயே வருவதில்லை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மிச்சம் கல்வித் தொலைக்காட்சிதான். ஒரு பயல் விடியக்காலை மல்லிகை பறிக்கப் போகிறான். புத்தகம் கொடுக்கத் தெருவுக்குப் போனபோது ஓடிவந்தான். பெயரை எழுதச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான்.

மதினி: 😔

ஒத்தக்கடை சித்தப்பா: ஒரு வாரம் நெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அனுப்பம்மா.

டீச்சர் அத்தை: டீச்சர் இருக்கிற குழுவில் பேசுகிற பேச்சா இது?

தெப்பக்குளம் அக்கா: சொல்லலாமா அத்தை?

டீச்சர் அத்தை: மூன்று நாள் சொல். கணக்கு நோட்டைக் கொடுத்துவிடு.

ஒத்தக்கடை சித்தப்பா: காலை 7 மணிக்கு மாட்டுத்தாவணி வந்துவிடு. மாஸ்க் போடு. அவன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

தெப்பக்குளம் அக்கா: அது என் போன் சித்தப்பா 😀