பெரியவர்களோடு சுவிட்சர்லாந்து: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் கடைசியில் அம்மா, அப்பா, எட்டு வயது மகளோடு சுவிட்சர்லாந்து போகிறோம். லாட்டர்புருன்னன் கிராமத்தில் சமையலறையோடு வீடு பார்த்திருக்கிறோம்.

என் பெரிய கவலை அம்மாதான். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், முட்டி வலியும் உண்டு. மலை ரயில் போய் நிற்கும் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரம். மேலே மூச்சு வாங்குமா? வழியில் ஐகர்கிளெட்ஷர் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் உடம்பு பழகுமா? டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறோம். ஆனாலும் வயதானவர்களைக் கூட்டிப்போனவர்கள் சொன்னால் தைரியமாக இருக்கும். அவ்வளவு உயரம் வேண்டாமென்றால் மியூரன் மலைக் கிராமம் போதுமா? கேபிள் காரில் ஏறிப் போய்விடலாம், ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரமும் அங்கிருந்தே தெரியும். எனக்கென்னவோ அம்மாவுக்கு அதுதான் சரியென்று படுகிறது.

அடுத்தது டிக்கெட். ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தாலும் யுங்ஃப்ராவ்யோக்குக்குத் தள்ளுபடிதான், இலவசம் இல்லை. ஒரே ஊரில் தங்கும் எங்களுக்கு, பாதி விலையில் டிக்கெட் வாங்க உதவும் ஹாஃப் ஃபேர் கார்டு கட்டுப்படியாகுமா?

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்குமாம். நாங்கள் போய் இறங்குவதே ஞாயிறு மதியம். அரிசி, பருப்பு கையோடு வரும். பால், தயிர், காய்கறி இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷன் பக்கம் அன்றைக்குக் கிடைக்குமா?