ஸ்பெயின் பஸ் டூர்: அப்பா, அம்மாவுக்கு ஒத்துவருமா?

கேள்வி (மாடிவீடு)

அக்டோபர் தொடக்கத்தில் அப்பா (70), அம்மா (66) இருவரையும் ஸ்பெயினுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறோம். பார்த்து வைத்திருப்பது 9 நாள் பஸ் டூர். மாட்ரிட்டில் தொடங்கி டொலேடோ, கோர்டோபா, செவில், கிரனாடா, வலென்சியா, பார்சிலோனா, பிறகு ஸரகோஸா வழியாகத் திரும்ப மாட்ரிட். கைடு கூடவே வருவார். காலை உணவும் நாலு இரவு உணவும் கட்டணத்தில் சேர்த்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாகத்தான் நடப்பார். அப்பா சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். ஆங்கிலம் இருவரும் சமாளித்துக்கொள்வார்கள். இந்த டூரே போதுமா, ரயிலில் தனியாகப் போகச் சொல்வது நல்லதா?

பதில் (கிலோமீட்டர்)

ஊர்ப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்குள் எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாட்ரிட்–கோர்டோபா ஏறத்தாழ 400 கி.மீ., அங்கிருந்து செவில் 140, செவில்–கிரனாடா 250, கிரனாடா–வலென்சியா 500-ஐ நெருங்கும், வலென்சியா–பார்சிலோனா 350, பார்சிலோனா–மாட்ரிட் 620.

ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அதோடு சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் நிறுத்தங்கள் உண்டு. பஸ்ஸிலேயே கழிவறை இருந்தாலும் பெரும்பாலும் அவசரத்துக்கு மட்டும்தான் திறப்பார்கள். ஆகவே கடைசி 620 கி.மீ. ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும். அதே தூரத்தை ஆவே அதிவேக ரயில் இரண்டரை, மூன்று மணியில் கடக்கிறது.

பஸ் உண்மையிலேயே கைகொடுப்பது தெற்கே, ஆண்டலூசியாவில். ஊர்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ரோண்டா மாதிரி மலையூர்களுக்கு ரயில் வசதி குறைவு. உங்கள் திட்டத்தில் அந்தப் பாதி அருமை. கிரனாடாவுக்குப் பிறகு வரும் பாதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பதில் (படிக்கட்டு)

அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பஸ் டூர் என்றால் நடை குறைவு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெட்டி தூக்கும் வேலை குறையும், நடை குறையாது. பழைய நகரங்களின் தெருக்களுக்குள் பெரிய பஸ் நுழைய முடியாது.

டொலேடோ தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்த குன்றின் மேல் இருக்கிறது. பஸ் அடிவாரத்தில் நிற்கும். மேலே போக வெளிப்புற எஸ்கலேட்டர் உண்டு. ஆனால் அதற்குப் பிறகும் கல் பாவிய ஏற்ற இறக்கம்தான். கிரனாடாவில் அல்ஹம்ப்ரா என்ற பழைய கோட்டை, அரண்மனை வளாகத்தை முழுதாகச் சுற்ற மூன்று மணி நேரம் ஆகும். உட்கார இடம் குறைவு, தரையும் சீராக இருக்காது. அங்கே அல்கஸாபா கோட்டைக் கோபுரத்தை அம்மா தாராளமாக விட்டுவிடலாம். ஐந்தாம் கார்லோஸ் அரண்மனைக்குள் போகத் தனிச்சீட்டு வேண்டாம், அங்கே காத்திருக்கலாம். ஆனால் நஸ்ரித் அரண்மனைகளை விட்டுவிடக் கூடாது, அல்ஹம்ப்ராவின் உயிரே அதுதான். சீட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும், நுழையும் நேரமும் குறித்திருக்கும். அந்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். அசல் பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்தால் அன்றைக்குச் சிக்கல்தான்.

இன்னொன்று, பஸ்ஸின் வாசல் படிகள் உயரமும் செங்குத்துமாக இருக்கும். ஒரு நாளில் ஐந்தாறு முறை ஏறி இறங்க வேண்டும். இறங்கும்போது பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து, வலிக்கிற காலை முதலில் கீழே வைக்கப் பழகிக்கொள்ளட்டும். கைடு பேசுவது காதில் மாட்டும் கருவியில் கேட்கும், ஆனால் தூரம் கூடினால் கரகரத்து நின்றுவிடும். எனவே மெதுவாக நடப்பவர் முதல் நாள் காலையிலேயே கைடிடம் சொல்லி, அடுத்து எல்லாரும் கூடும் இடத்தையும் நேரத்தையும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பதில் (கொத்துக்கடலை)

சாப்பாடு. "சைவம்" என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரும். "சின் கார்னே", அதாவது இறைச்சி இல்லாமல் என்று கேட்டாலும் ஹமோன் பன்றித் துண்டைத் தூவிக் கொண்டுவருபவர்கள் உண்டு. "நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்" (இறைச்சி, மீன், ஹமோன் எதுவும் வேண்டாம்) என்று மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். ஸ்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அப்பா நம்பிக் கேட்கக்கூடியவை: உருளைக்கிழங்கு முட்டை சேர்த்த தொர்த்தியா, தக்காளி தேய்த்த ரொட்டி, பாத்ரோன் மிளகாய் வறுவல், செவிலில் கொத்துக்கடலை போட்ட கீரை. கோர்டோபாவின் சல்மொரேஹோ தக்காளிக் கூழ்தான், ஆனால் மேலே ஹமோன் தூவுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், இரவில் பல உணவகங்களில் எட்டரை ஒன்பதுக்குத்தான் அடுப்பு எரியும். மாத்திரை நேரம் இருந்தால் கையில் ஏதாவது இருக்கட்டும்.

பதில் (சிற்றெழுத்து)

டூர்காரர்களின் விவரத்தாளில் "பனோரமிக்" என்று எங்கெல்லாம் இருக்கிறது என்று அடிக்கோடிடுங்கள். அங்கே பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது, அதிகம் போனால் இறங்கி ஒரு படம், அவ்வளவுதான். பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயம், கோர்டோபா மெஸ்கித்தா (பழைய மசூதி, இப்போது தேவாலயம்), செவில் அல்காஸர் அரண்மனை மூன்றுக்கும் "நுழைவுச்சீட்டு உட்பட" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சக்ராதாவுக்கு அங்கே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பக் கூடாது. மாட்ரிட்டில் ஓய்வு நாள் செவ்வாய்க்கிழமை வந்தால் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் மூடியிருக்கும், பிக்காஸோவின் குவெர்னிகா ஓவியத்தைப் பார்க்க முடியாது. பயணம் அக்டோபர் 12-ஐத் தொட்டால் அது தேசிய நாள், மாட்ரிட்டில் அணிவகுப்புக்காகச் சாலைகளை அடைப்பார்கள்.

ஹோட்டல் பெயர் கேட்டு வரைபடத்தில் தேடுங்கள். நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் என்றால் மாலை முழுக்க அறைக்குள்தான். "அல்லது அதே தரத்தில் வேறு" என்று போட்டிருந்தால் எந்தப் பகுதி என்பதை மட்டுமாவது எழுத்தில் வாங்குங்கள்.

மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. தெற்குப் பகுதி பஸ்ஸில், மற்றது ரயிலில் என்று பிரிக்கலாமா? இல்லை, பார்சிலோனாவிலேயே இறங்கிக்கொண்டு விமானம் ஏறலாமா?

பதில் (கிலோமீட்டர்)

இரண்டும் முடியும். உங்கள் அப்பா, அம்மாவுக்கு நான் முதலாவதையே சொல்வேன். மாட்ரிட்டில் மூன்று இரவு, அங்கிருந்து கிளம்பி அங்கேயே முடியும் நாலைந்து நாள் ஆண்டலூசியா பஸ் டூர், பிறகு ஆவேயில் பார்சிலோனா, அங்கே மூன்று இரவு. ஸ்டேஷனில் பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள், அரை மணி முன்னதாகப் போகட்டும். சக்கர நாற்காலி உதவி வேண்டுமென்றால் முன்பே பதிய வேண்டும்.

இதே 9 நாள் டூர்தான் என்றால், பார்சிலோனாவில் முடித்துக்கொள்ள விலை கேளுங்கள். பார்சிலோனாவிலிருந்து துபாய், தோஹா வழியாக விமானம் இருக்கிறது. ஷெங்கன் (ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது) விசா விண்ணப்பத்தில் விமானப் பதிவும் ஹோட்டல் தேதிகளும் ஒத்துப்போக வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காத பணம் எதையும் கட்டாதீர்கள்.