அடுத்த எம்எக்ஸ்-5இல் என்ன வேண்டும்? எத்தனை கிலோ கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

துணிக்கூரை (லெஸ்டர்)

வணக்கம். என்னிடம் இருப்பது 2016 மாஸ்டா எம்எக்ஸ்-5 (கூரை திறக்கும் இரண்டு சீட் கார்), 1.5 லிட்டர், மூன்று வருடம் முன்னால் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. என்டி என்று அழைக்கிற இந்த நான்காம் தலைமுறை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1989இல் முதல் வண்டி வந்ததிலிருந்து எந்தத் தலைமுறையும் இவ்வளவு காலம் விற்பனையில் இருந்ததில்லை, ஆகவே அடுத்தது வந்தே தீர வேண்டும். அதில் என்னென்ன வேண்டும் என்று ஏற்கனவே வைத்திருப்பவர்களிடம் கேட்க ஆசை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் சீர்வரிசைப் பட்டியல் மாதிரிதான் பதில் வருகிறது. டர்போ வேண்டும், பெரிய டிக்கி வேண்டும், சீட்டில் குளிர்காற்று வேண்டும், இன்னும் நாலு ஸ்பீக்கர் வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றினால் கடைசியில் வருவது எம்எக்ஸ்-5 இல்லை, கூரை திறக்கும் வேறு ஏதோ ஒரு கார். அதனால் எது கேட்டாலும் அதற்கு எத்தனை கிலோ கூடும் என்று தோராயமாகவாவது யோசித்துவிட்டு எழுதுங்கள். மூன்றாம் தலைமுறையான என்சியிலிருந்து என்டிக்கு வரும்போது கிட்டத்தட்ட 100 கிலோ குறைத்தார்கள். ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு இருந்ததை நான்காக்கினார்கள், சீட்டுக்குள் கம்பிச் சுருளுக்குப் பதில் வலைத்துணி வைத்தார்கள், பானெட், டிக்கி மூடியோடு முன் மட்கார்டுகளையும் அலுமினியத்தில் செய்தார்கள். அப்படிக் கிராம் கிராமாகச் சேமித்ததை நாம் ஒரே மூச்சில் கேட்டுத் தீர்த்துவிடக் கூடாது.

எனக்கு வேண்டியது இரண்டுதான். ஒன்று, டேஷ்போர்டில் ஒரு பெட்டி. பூட்டுகிற பெட்டி இரண்டு சீட்டுக்கும் நடுவில் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, ஓட்டிக்கொண்டே அதைத் திறப்பதற்கு யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, சீட்டில் இடுப்புக்கு ஒரு தாங்கல். வயது நாற்பத்தாறு, வேறென்ன சொல்ல. இரண்டும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும் என்பது என் கணக்கு.

உப்புச்சாலை (ஸ்கார்பரோ)

நல்ல கேள்வி அண்ணை. நான் ஓடுவது 2019, 2 லிட்டர். கேட்டால் தருவார்கள் என்பதற்கு இந்த வண்டியே சாட்சி. 2015இல் என்டி வந்தபோது ஸ்டீயரிங்கை மேலும் கீழும்தான் அசைக்கலாம், முன்னுக்கு இழுக்க முடியாது. கை நீட்டி ஓட வேண்டியிருக்கிறது என்று எல்லா நாட்டிலும் சொன்னார்கள், 2019 மாடலில் அது வந்துவிட்டது. அதோடு 2 லிட்டர் இன்ஜின் 155 குதிரைத்திறனிலிருந்து 181க்குப் போனது, 6,800இல் நின்ற ஆர்பிஎம் 7,500 வரைக்கும் ஏறியது. இதற்கெல்லாம் எடை கூடிய மாதிரியே தெரியவில்லை.

எனக்கு வேண்டியது பவரும் இல்லை, பெட்டியும் இல்லை. தண்ணீர் வடிகிற ஓட்டை. சிரிக்க வேண்டாம். முந்தி ஒரு என்பி, அதாவது இரண்டாம் தலைமுறை வண்டி வைத்திருந்தேன். அந்தக் காலத்து வண்டிகளில் துணிக்கூரையில் விழுகிற மழைத் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு ஓட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். இலை தழை போய் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, கதவுக்குக் கீழே இருக்கிற சில் பகுதியை உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே பெயின்ட் மினுங்கும், ஆணியால் குத்தினால் உள்ளே போகும். இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நான் வாங்கும்போது பார்த்துக் கொடுத்த கராஜ்காரர் (பெயர் வேண்டாம்) 'சில் தங்கம் மாதிரி இருக்கு' என்றார். இரண்டாவது வருடம் வெட்டி வெல்ட் அடித்தேன்.

ஆகவே அடுத்த மாடலில் அந்த ஓட்டையை ஒரு சின்ன மூடியைத் திறந்து கையாலேயே துப்புரவு செய்கிற மாதிரி வைத்துத் தந்தால் போதும். எடை: ஐம்பது கிராம். ஸ்டெப்னி வேண்டும் என்றும் ஆசைதான், என்டியில் டயருக்கு ஒட்டுப் பசையும் பம்பும் மட்டும்தான் வருகிறது. ஆனால் அது ஜாக்கியோடு சேர்த்துப் பத்துப் பதினைந்து கிலோ, 130 லிட்டர் டிக்கியில் பாதியையும் விழுங்கிவிடும், அதனால் கேட்கவில்லை.

ஆறடி மூன்றங்குலம் (மெல்பர்ன்)

நீங்கள் இரண்டு பேரும் கொடுத்து வைத்தவர்கள். பெட்டி, ஓட்டை என்று பேசுகிறீர்கள். எனக்குத் தலை போக இடமில்லை.

இந்தக் கார் வைத்திருக்கும் உயரமானவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற ஒரு வேலை உண்டு: சீட்டின் உறையைக் கழற்றி, அடியில் இருக்கிற நுரையைக் கத்தியால் செதுக்கி எடுப்பது. நானும் செய்தேன். ஒரு விரல் கனம் வெட்டியதில் முன்கண்ணாடியின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருந்தது போய் நெற்றிக்கு மேலே போனது. புதுக் கார் சீட்டைச் சமையலறைக் கத்தியோடு அணுகியதைப் பார்த்து என் மனைவி வீட்டை விட்டே வெளியே போய் நின்றுகொண்டாள்.

ஆகவே என் கோரிக்கை: சீட் ஓடுகிற தண்டவாளத்தை மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்குங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் வெட்டி எடுத்தால் எடை குறைகிறது, துணிக்கூரை சார் கணக்கில் இது மைனஸ்.

அப்புறம், துணிக்குப் பதிலாக வருகிற கெட்டிக்கூரை பற்றி யாரும் பேசவில்லையே. இப்போதைய கெட்டிக்கூரை மாடலான ஆர்எஃப் பட்டனை அழுத்தினால் 13 விநாடியில் திறக்கிறது, பார்க்க அழகுதான், ஆனால் திறந்த பிறகும் தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தூண் நிற்கிறது, முழு வானம் கிடையாது. 2006இல் என்சிக்கு வந்த மடிகிற கூரை முழுதாக மறைந்துவிடும், டிக்கியில் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. எடை 40 கிலோவுக்குள்தான் கூடியது. அந்தக் கூரை திரும்ப வந்தால் 40 கிலோவை நான் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்வேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

ஏழாயிரத்தைந்நூறு (பாரிஸ்)

40 கிலோவா! அண்ணா, அது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்புகிற மாதிரி. எனக்கு ஒப்பவில்லை.

எடையே இல்லாமல் காரை நல்லதாக்க முடியும் என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். 2021 கடைசியில் ஜப்பானில் 990எஸ் என்று ஒன்றை அறிவித்தார்கள், பெயரே 990 கிலோ என்கிற எடையிலிருந்து வந்தது. அதோடு வந்த கேபிசி என்ற ஏற்பாடு என்ன செய்கிறது என்றால், வேகமாகத் திரும்பும்போது வளைவின் உட்பக்கம் இருக்கும் பின்சக்கரத்தில் மட்டும் பிரேக்கை மெல்லத் தொட்டு, பின்பக்கம் தூக்கிக்கொள்ளாமல் கீழே இழுத்துப் பிடிக்கிறது. புதிதாக ஒரு போல்ட்கூட இல்லை, ஏற்கனவே இருக்கிற பிரேக்குக்குக் கொஞ்சம் சாஃப்ட்வேர், அவ்வளவுதான். இப்படிப்பட்டதைக் கேளுங்கள்.

என்னிடம் இருப்பது 2024. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் விற்கிற எல்லாப் புதுக் காரிலும் வேக எச்சரிக்கை இருந்தாக வேண்டும், அணைத்து வைத்தாலும் அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது தானாக உயிர் பெற வேண்டும் என்பது சட்டம். இது எல்லாக் கம்பெனிக்கும் பொதுதான். முப்பது எல்லையில் முப்பத்திரண்டு போனால் மணி. வேகப் பலகையைக் கார் தப்பாகப் படித்தாலும் மணி. கூரையைத் திறந்து, இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகவே வாங்கிய காரில் வீட்டுப் பாட்டி மாதிரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வருகிறார். திரையில் மெனுவுக்குள் மெனுவாகப் போகாமல் ஸ்டீயரிங்கிலேயே ஒரே அழுத்தில் அணைக்கிற நிஜ பட்டன் ஒன்று அடுத்த மாடலில் வேண்டும். அந்த மணியின் எடை பூச்சியம் கிராம், ஆனால் என் தலையில் அது 40 கிலோ.

வோல்ட் (ஒஸ்லோ)

யாரும் தொடாத விஷயத்தை நான் தொடுகிறேன். என்னிடம் இப்போது எம்எக்ஸ்-5 இல்லை, 2022இல் விற்றுவிட்டேன். நார்வேயில் புதுக் கார் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே எலக்ட்ரிக்தான், பெட்ரோல் காருக்குப் புகைக்கு ஒரு வரி, எடைக்கு ஒரு வரி. அடுத்த எம்எக்ஸ்-5 எலக்ட்ரிக்காக வந்தால்தான் என்னால் மறுபடியும் வாங்க முடியும்.

வரட்டும், ஆனால் எப்படி வரும் என்பதில்தான் பயம். 2023இல் டோக்கியோவில் ஐகானிக் எஸ்பி என்ற மாதிரிக் காரைக் காட்டினார்கள். பேட்டரியும், அதற்கு மின்சாரம் தயாரிக்கச் சின்ன ரோட்டரி இன்ஜினும். பார்த்தவர்கள் எல்லாம் மயங்கினார்கள், நானும்தான். 370 குதிரைத்திறன், எடை 1,450 கிலோ. நீளம் 4.18 மீட்டர், என்டி 4 மீட்டருக்கும் கீழே. இதை எம்எக்ஸ்-5இன் வாரிசு என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன், அது அதன் பணக்காரச் சித்தப்பா. எனக்கு 370 தேவையே இல்லை. 150 கொடுங்கள், பேட்டரியைச் சின்னதாக வையுங்கள், 200 கிலோமீட்டர் ஓடினால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதையில் ஒரு சுற்று, காபி, வீடு. இந்தக் காரில் யார் ஒரே மூச்சில் 500 கிலோமீட்டர் போகிறார்கள்?

ஆறடி மூன்றங்குலம் (மெல்பர்ன்)

நான் போவேன். இங்கே அடுத்த ஊரே அவ்வளவு தூரம்.

எலக்ட்ரிக் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கிளட்ச் இல்லாமல் இதை வாங்க எனக்கு மனம் வராது. அந்தச் சின்னக் கியர் கட்டை இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வருகிற 'டக்' ஒன்றுக்காகத்தான் நுரையை வெட்டிக்கொண்டு உள்ளே மடங்கி உட்கார்ந்திருக்கிறேன். மாஸ்டா 2.5 லிட்டரில் ஸ்கைஆக்டிவ்-இசட் என்ற புது பெட்ரோல் இன்ஜின் செய்துகொண்டிருக்கிறது, அது நம் காருக்கும் வரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. டர்போ இல்லாமல், மேனுவல் கியரோடு அது வந்தால் முதல் ஆளாக அட்வான்ஸ் கட்டுவேன்.

கண்சிமிட்டி (பர்மிங்ஹாம்)

எல்லாம் படித்தேன். என்னுடையது 1990, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்று அப்புறம் கப்பலேறி இங்கே வந்த வண்டி. 1.6 லிட்டர், எழுந்து உட்காரும் ஹெட்லைட், ஓட்டுகிறவரையும் ஒரு சிறு மூட்டையையும் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு எந்த வசதியும் வேண்டாம். இடுப்புத் தாங்கலுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன், இருபது வருடமாக அதே துண்டுதான்.

ஒன்றே ஒன்று கேட்பேன். முப்பது வருடம் கழித்தும் உதிரிபாகம் கிடைக்க வேண்டும். 2017இல் மாஸ்டா முதல் தலைமுறை வண்டிகளைத் தானே புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்தது, கூரைத்துணி, ஸ்டீயரிங், கியர் குமிழ் என்று நின்றுபோன பாகங்களை மறுபடியும் செய்ய ஆரம்பித்தது. என் வண்டிக்கு இன்று ரப்பர் பீடிங்கூட வாங்க முடிகிறது. ஏழாயிரத்தைந்நூறு, கோபிக்காதீர்கள், உங்கள் 2024இன் 8.8 அங்குலத் திரை 2054இல் செத்துப்போனால் எங்கே போய் வாங்குவீர்கள்? என் ஸ்பீடோமீட்டரில் ஓடுவது ஒரு கேபிள். அடுத்த மாடலில் திரையைத் தனியாகக் கழற்றி வேறொன்று மாட்டும்படி செய்யட்டும், அது போனால் ஹீட்டரும் சேர்ந்து போகாதபடி இருக்கட்டும்.

துணிக்கூரை, உங்களுக்கு ஒரு கேள்வி. கிலோ கிலோவாக எல்லாரிடமும் கணக்குக் கேட்கிறீர்களே, உங்கள் டிக்கியில் இப்போது என்ன இருக்கிறது?

துணிக்கூரை (லெஸ்டர்)

கேட்டுவிட்டீர்கள். இன்று காலை போய்த் திறந்து பார்த்தேன், பாத்ரூம் தராசையும் எடுத்துக்கொண்டு.

குடை இரண்டு. போன குளிர்காலத்துக் கண்ணாடித் திரவம் ஐந்து லிட்டர் கேன், முக்கால் பாகம். டயர் பம்பு, காரோடு வந்தது ஒன்று, நம்பிக்கை இல்லாமல் நான் வாங்கியது ஒன்று. மகளுடைய ஒற்றை ஷூ (இதைத் தேடி வீட்டில் ஒரு சண்டையே நடந்தது). காரின் மேல் போர்த்தும் உறை, நனைந்தது. மொத்தம் 14 கிலோ. என் பெட்டிக்கும் இடுப்புத் தாங்கலுக்கும் கேட்ட இரண்டு கிலோவை ஏழு தடவை ஏற்றியாகிவிட்டது.

உப்புச்சாலை, நீங்கள் சொன்னதற்காக வடிகிற ஓட்டை என்டியில் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன், படம் இருந்தால் போடுங்கள். ஆறடி, உங்கள் 40 கிலோவுக்கு இன்னும் அனுமதி இல்லை. கண்சிமிட்டி ஐயா, அந்தத் துண்டை எந்த உயரத்தில் வைக்கிறீர்கள்?

அந்தப் 14இல் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை சேரவில்லை. அதைப் பார்த்ததும் மனைவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.