ஐஆர்ஏவுக்குள் எல்எல்சி: செக் புக் வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். கலிபோர்னியாவில் சான் ஹோசேவாசி. பழைய கம்பெனி வழியாகச் சேர்த்த 401கே ஓய்வுக்காலப் பணத்தை, எதில் முதலீடு என்று நாமே முடிவெடுக்கும் செல்ஃப் டைரக்டட் ஐஆர்ஏவுக்கு (தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) மாற்றி, அந்த ஐஆர்ஏவே முழுச் சொந்தக்காரராக இருக்கும்படி ஒரு எல்எல்சி, அதாவது சின்ன கம்பெனி, தொடங்கி, அதற்குச் சம்பளமில்லாத மேனேஜராக என்னையே போட்டு, 2021இல் ஒஹாயோவில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். எதற்கு இந்தச் சுற்று என்றால், பணம் ஐஆர்ஏவை வைத்திருக்கும் கஸ்டோடியன் நிறுவனத்திடமே இருந்தால் பிளம்பருக்கு நூறு டாலர் கொடுக்கக்கூட ஃபார்ம் நிரப்பி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். எல்எல்சிக்கு பேங்க் கணக்கு இருந்தால் செக் புக் நம் கையில்.

அந்த செக் புக்தான் வம்பே.

ஏஜென்ட் அவசரப்படுத்தியதில் முன்பணத்தை என் சொந்தக் கணக்கிலிருந்து போடப் போனேன், பிறகு எல்எல்சியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில். நல்லவேளை, முதலில் என் வரிக் கணக்கு பார்க்கும் சிபிஏவுக்குப் போன் செய்தேன். "ஒப்பந்தமும் எல்எல்சி பெயரில், பணமும் எல்எல்சியிலிருந்து, உங்கள் பர்ஸைத் தொடாதீர்கள்" என்று அதட்டினார். நான், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், அவர்களைக் கட்டியவர்கள் யாரும் அந்தச் சொத்தோடு கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது. என் பையன் முழு வாடகை கொடுத்துத் தங்கினாலும் தப்புதான். மாட்டினால் மொத்த ஐஆர்ஏவும் அந்த வருடம் ஜனவரி 1 அன்றே வெளியே எடுத்ததாகக் கணக்கு. வருமான வரி, வயது 59½ ஆகவில்லை என்றால் மேலே 10 சதவீதம்.

2023 ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் செத்துவிட்டது. மாற்றக் கேட்டது 4,200 டாலர், எல்எல்சி கணக்கில் இருந்தது 1,900. என் சேமிப்பில் பணம் சும்மா கிடக்கிறது, எடுத்துப் போட முடியாது! அந்த வருடத்துக்கு ஐஆர்ஏவில் போடக்கூடிய 6,500க்குள் கஸ்டோடியன் வழியாகப் போட்டு, அங்கிருந்து எல்எல்சிக்கு இறக்குவதற்குள் ஐந்து நாள். குடியிருந்தவர்கள் அதுவரை எல்எல்சி கார்டில் வாங்கிக் கொடுத்த இரண்டு ஸ்பேஸ் ஹீட்டரோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். இதில் எல்எல்சியை இங்கிருந்து நடத்துவதற்காகக் கலிபோர்னியாவுக்கு வருடம் 800 டாலர் தண்டம் வேறு.

*

எங்களுக்கு வந்த ஆசை வேறு மாதிரி, அண்ணா. எல்எல்சி மூலம் தங்க நாணயம் வாங்கி வீட்டு லாக்கரிலேயே வைக்கலாம் என்று ஒரு விளம்பரம். தங்கம் என்றால் நமக்குச் சொல்லவா வேண்டும், இவர் உடனே லாக்கர் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் 2021இல் வந்த மெக்நல்டி வழக்கின் தீர்ப்பைப் படித்தோம். அந்தம்மா ஐஆர்ஏ எல்எல்சியில் வாங்கிய அமெரிக்கன் ஈகிள் நாணயங்களை வீட்டில் வைத்திருந்தார்; ஐஆர்ஏவிலிருந்து அவர் கைக்கு வந்துவிட்டதாகவே வரி நீதிமன்றம் எடுத்துக்கொண்டு வரி போட்டது. அத்தோடு விட்டோம்.

*

கடன் வாங்கி வீடு வாங்குகிறவர்கள் கவனம். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது, சொத்தை மட்டும் ஈடாக ஏற்கும் கடன்தான் வேண்டும். கடன் பங்குக்கு வரும் லாபத்துக்கு ஐஆர்ஏவே வரி கட்டணும், அதற்கு 990-டி என்ற வரி ஃபார்ம். எனக்கு இது இரண்டாவது வருடம்தான் தெரிந்தது.

அண்ணாவுக்கு ஒரு கேள்வி: தங்கைக்கு வாடகைக்கு விடலாமா?

*

உடன்பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. என் தங்கையும் கேட்டாள். அவளிடம் முழு வாடகை வாங்க எனக்கு வாய் வராது, குறைத்தால் சிபிஏ விடமாட்டார். வேறு ஆளுக்கு விட்டுவிட்டேன், அவள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள்.